ரோட்டாவில் இல்லாத ஷிஃப்ட்

லண்டன், லெஸ்டர், கவென்ட்ரி, பர்மிங்காம், கிளாஸ்கோ என்று படிக்க வந்த ஊர்களில், கிறிஸ்துமஸ் சீசனுக்காகக் கடைகளிலும் கிடங்குகளிலும் பகுதி நேர வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் கிழக்கு லண்டனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். உங்களைப் போலவே மாணவர் விசாவில் வந்து, உங்களைப் போலவே சீசன் வேலையில் தொடங்கியவள். இப்போது ரோட்டா, அதாவது யாருக்கு எந்த நேரம் ஷிஃப்ட் என்ற அட்டவணை, போடுவது என் பொறுப்பு. விடிந்தும் விடியாமலும் "இன்றைக்கு எட்டு மணிக்கு வர முடியுமா?" என்று உங்கள் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் வருகிறதே, அதை அனுப்புவது என்னைப் போன்ற ஒருத்தர்தான். அதற்கு "முடியாது" என்று எப்படிச் சொல்வது, எப்போது சொல்லியே ஆக வேண்டும் என்பதை அனுப்புகிறவளே எடுத்துச் சொன்னால் உங்களுக்குப் பாதிப் பயம் தெளியும். அதற்காகத்தான் இந்த மடல்.

சொல்ல வந்தது ஒன்றுதான். கடைசி நேர ஷிஃப்ட்டை மறுக்கும் உரிமைக்கு நீங்கள் வேலையில் சேர்ந்த அன்றே விலை கொடுத்துவிட்டீர்கள். காசைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

முதலில் அந்தச் செய்தி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். போன வருட விற்பனையையும் இந்த வருடக் கணிப்பையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடைக்கும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று தலைமை அலுவலகம் ஒதுக்கிவிடும். அந்த மணிகளுக்குள்தான் ரோட்டா போடுகிறவர் ஆளைப் பொருத்த வேண்டும். ஒதுக்கீடு எப்போதும் இழுத்துப் பிடித்ததாகவே இருக்கும். நாலு பேர் தேவைப்படும் இடத்தில் மூன்றரைப் பேருக்குத்தான் மணி கிடைக்கும். டிசம்பரில் காய்ச்சல் வரும், வாந்தி பேதி வரும், ரயில் ரத்தாகும், பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வரும். இதெல்லாம் அக்டோபரிலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கையில் ஆள் வைத்துக்கொள்ளாததற்குச் சிக்கனம் என்று பெயர். அந்தச் சிக்கனத்தில் மிச்சமாகும் பணம் கம்பெனிக்குப் போகிறது; அதனால் விழும் ஓட்டையை அடைக்கும் வேலை உங்கள் போனுக்கு வருகிறது. ஆகவே, "ரொம்ப அவசரம்" என்று செய்தி வந்தால் அந்த அவசரம் உங்களால் வந்ததல்ல என்பதை மனதில் வையுங்கள். பெரும்பாலும் ரோட்டா போடுகிறவராலும் வந்ததல்ல.

டிசம்பர் 23 காலை ஒரு கடையின் பின்கட்டு எப்படி இருக்கும் என்று பார்த்தால் இது புரியும். காய்கறி லாரி வந்து போயிருக்கும். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட், பார்ஸ்னிப், கேரட் மூட்டைகள் நிரம்பிய கேஜ்கள் (சரக்குத் தள்ளுக் கூண்டுகள்) ஆள் உயரத்துக்குக் கதவு வரை நிற்கும். கடையில் அலமாரி காலி. கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை. இரண்டு பேர் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பார்கள். அப்போது நான் பெயர்ப் பட்டியலை எடுப்பேன். யாரை முதலில் கூப்பிடுவேன் என்று நினைக்கிறீர்கள்? அகர வரிசைப்படியா? வீடு பக்கத்தில் இருப்பவரையா? இல்லை. போன முறை யார் உடனே "வருகிறேன்" என்றாரோ அவரைத்தான். ரோட்டா போடுகிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மூன்று முறை தொடர்ந்து ஆம் என்றவரின் பெயர் பட்டியலின் தலைக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு எந்த ஓட்டை விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தால் போன் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்து அது கூடத்தான் செய்யும்.

இனி, நீங்கள் கொடுத்த விலைக்கு வருகிறேன்.

உங்களில் பலர் கையெழுத்திட்டது பூஜ்ய நேர ஒப்பந்தம். எல்லோரும் 'ஜீரோ அவர்ஸ்' என்று சொல்வது இதைத்தான். பிரிட்டனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வகை ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்கள். இதன் சாரம் எளிது: உங்களுக்கு வேலை தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, தந்தால் ஏற்க வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை. முதல் பாதியை எல்லோரும் நன்றாக அனுபவித்திருப்பீர்கள். வியாபாரம் மந்தம் என்றால் அந்த வாரம் உங்கள் பெயரே ரோட்டாவில் இருக்காது. கேட்க வழியும் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் "நன்றி, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கும் பதில் இல்லை. இத்தனையையும் பொறுத்துக்கொள்வதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டாவது பாதி மட்டும்தான். அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டால், நிரந்தரத் தொழிலாளியின் கடமைகள் அத்தனையும் உங்கள் தலையில், அவருக்குரிய பாதுகாப்பு எதுவும் இல்லாமல்.

இந்த விலை எவ்வளவு பெரியது என்பதற்கு நீதிமன்றச் சாட்சியே இருக்கிறது. நார்தம்பர்லாந்தில் பிளைத் என்ற ஊரின் அனல் மின் நிலையங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதற்காக 1989-இல் சில வழிகாட்டிகளைச் சேர்த்தார்கள். 'தேவைப்படும்போது மட்டும்' என்பதுதான் ஏற்பாடு. பிற்பாடு அவர்களில் இருவர், நாங்களும் ஊழியர்கள்தானே, எங்கள் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு அன்றைய உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் சபை வரை போய் 1999-இல் முடிந்தது. கூப்பிட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கும் இல்லை, வர வேண்டிய கட்டாயம் இவர்களுக்கும் இல்லை. ஆகவே சுற்றிக் காட்டும் நேரம் போக மற்ற நேரத்தில் இவர்கள் ஊழியர்களே இல்லை என்று தீர்ப்பானது. அவர்கள் சில முறை வர முடியாது என்று சொல்லியிருந்ததும், அதற்காக யாரும் அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்காததும் அந்த வழக்கில் பேசப்பட்டன. பாருங்கள், உங்களுக்கு மறுக்கும் சுதந்திரம் இருப்பதைக் காட்டியே ஊழியருக்குரிய உரிமைகளை உங்களிடமிருந்து தள்ளிவைக்க முடிகிறது. அப்படியிருக்க, அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் எதற்காகக் குற்றவாளிபோலத் தலைகுனிய வேண்டும்?

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பூஜ்ய நேர ஒப்பந்தத்தில் இருப்பவரை "வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது" என்று கட்டிப்போடும் நிபந்தனை 2015 மே 26 முதல் செல்லாது. 

ஆனால் எல்லோருடைய ஒப்பந்தமும் பூஜ்ய நேரம் அல்ல. சிலருக்கு வாரம் 8 மணி, 12 மணி என்று உறுதியான நேரம் இருக்கும். அதற்கு மேல் வருவது கூடுதல் ஷிஃப்ட். இவர்கள் ஒப்பந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நியாயமான அளவில் கூடுதல் நேரம் செய்யச் சம்மதிக்கிறேன் என்ற வரி அதில் இருக்கிறதா, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உறுதியான மணிகளுக்கு வராமல் இருப்பது வேறு, கூடுதல் மணிகளை மறுப்பது வேறு. அதுபோல, பூஜ்ய நேரமே ஆனாலும் ஒரு ஷிஃப்ட்டை ஏற்றுக்கொண்டுவிட்டால் அது வாக்கு. கடைசி நேரத்தில் கேட்பதை மறுக்கலாம். கடைசி நேரத்தில் வராமல் இருக்கக் கூடாது. நான் இந்த மடலில் பேசுவது ரோட்டாவில் இல்லாத ஷிஃப்ட்டைப் பற்றி மட்டும்.

சிலருக்கு மறுப்பது உரிமை என்பதைத் தாண்டிக் கட்டாயமாகவே ஆகிவிடும். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். வகுப்புகள் நடக்கும் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது உங்கள் எல்லை. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். போன வாரம் 12 மணிதான் பார்த்தேன், இந்த வாரம் 24 பார்த்துக்கொள்கிறேன் என்று சராசரி போட முடியாது. சம்பளம் வாங்காமல் செய்தாலும் அது கணக்கில் சேரும்.

சீசன் வேலையின் சிக்கல் இங்கேதான். கடைகளின் கூட்டம் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடேயோடு தொடங்கிவிடும். இந்த எல்லை தளரும் பல்கலைக்கழக விடுமுறையோ டிசம்பர் நடுவில்தான் ஆரம்பிக்கும். அதாவது போன் அதிகமாக வரும் முதல் இரண்டு மூன்று வாரங்களும் 20 மணி எல்லைக்குள் வரும் வாரங்கள். அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய வாரங்களும் அவையே. ஒரு கணக்குப் பார்ப்போம். உங்களுக்கு ரோட்டாவில் 16 மணி. புதன்கிழமை யாரோ வரவில்லை என்று 3 மணி நேரம் கூடுதலாகச் செய்தீர்கள், 19 ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் கூப்பிடுகிறார், 4 மணி நேரம்தான் என்கிறார். இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிறன்று 6 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு நாள் கூட்டம் முழுவதும் அந்த ஆறு மணிக்குள் முட்டிக்கொள்வதால் ஞாயிறன்று ஆள் பஞ்சம் கூடும். நீங்கள் போனால் 23 மணி. அந்த மூன்று மணி நேரத்துக்காக உங்கள் விசா நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. சம்பளம் போடும்போதெல்லாம் அந்த விவரம் வருமான வரித்துறைக்குப் போகிறது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இருக்க முடியாது.

கூப்பிடுகிற மேனேஜருக்கு உங்கள் விசா விவரம் நினைவில் இருக்காது. அவர் கவலை அன்றைய டில் வரிசை. ஆனால் நிறுவனத்துக்கு இது மிகப் பெரிய விஷயம். அனுமதியில்லாத நேரத்தில் ஒருவரை வேலை வாங்கியதற்கு, முதல் முறை என்றாலும் ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விழலாம். 2024 பிப்ரவரியில் உயர்த்திய தொகை இது. ஆகவே "இந்த வாரம் என் விசா மணிகள் முடிந்துவிட்டன" என்று நீங்கள் சொன்னால், நீங்கள் தட்டிக்கழித்ததாக ஆகாது, கம்பெனியையும் காப்பாற்றியதாகும். இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கும் மேனேஜரை மனிதவளத் துறையே அடக்கிவிடும். விடுமுறைத் தேதிகளை மட்டும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். முதுகலை படிப்பவர்கள், வகுப்பு இல்லை என்பதால் விடுமுறை என்று நீங்களாகவே முடிவுகட்ட வேண்டாம். ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடைக் காலத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் படிப்புக் காலமாகவே வைத்திருக்கின்றன.

அடுத்து பணக் கணக்கு. "நாலு மணி நேரம் போய் வந்தால் ஐம்பது பவுண்டு ஆச்சே" என்ற சபலம் எனக்கும் தெரிந்ததுதான். 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. நாலு மணிக்கு 48.84. அப்போது லண்டன் பஸ்ஸில் போக 1.75, வர 1.75. மீதி 45.34. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் உங்கள் நாளிலிருந்து போனது ஆறு மணி நேரம். மணிக்கு ஏழரைப் பவுண்டு சொச்சம்தான் கைக்கு வருகிறது. அந்த ஆறு மணி நேரம் நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டிலிருந்து வெட்டியது என்றால், அதில் தவறிய பாடத்தைத் திரும்ப எழுத ஆகும் பணத்தையும் கூட்டிப் பாருங்கள். பணம் தேவைதான். அதற்காகத்தான் முன்கூட்டியே போடப்பட்ட ஷிஃப்ட்டுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். திட்டமிட்ட எட்டு மணி நேரம் தரும் பணம், அரைத்தூக்கத்தில் ஓடிப் பிடிக்கும் நாலு மணி நேரத்தைவிட மலிவாக உங்களுக்குக் கிடைக்கிறது.

உடம்புக் கணக்கும் உண்டு. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் பொதுவாக 11 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டு வேலை நேர விதி. இரவு 11 மணிக்குக் கடையை மூடிவிட்டுப் போனவரை மறுநாள் காலை 7 மணிக்கு வா என்று கேட்டால், "11 மணி நேரம் ஆகவில்லையே" என்பதே போதுமான பதில்.

சரி, எப்படிச் சொல்வது? இதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பெரியவர் ஒருவர் கேட்டால் முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் மூன்று காரியம் செய்கிறோம். ஒன்று, செய்தியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவது. இரண்டு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுப்பது. மூன்று, பொய். எங்கள் கடைக் கதைகளின்படி சில பாட்டிகள் இரண்டு டிசம்பரில் இரண்டு முறை இறந்திருக்கிறார்கள்.

ரோட்டா போடுகிறவளாகச் சொல்கிறேன்: இந்த மூன்றுமே எனக்கு "முடியாது" என்பதைவிட அதிகத் தொல்லை. ஏழு மணிக்கே "முடியாது" என்று வந்தால் ஏழு ஐந்துக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றால் உங்களுக்காகக் காத்திருந்து, எட்டு மணிக்கு நீங்கள் கைவிரித்த பிறகு மற்றவர்களைத் தேடுவேன். அதற்குள் அவர்கள் கல்லூரிக்கு ரயில் ஏறியிருப்பார்கள். பொய்யோ உங்களையே கடிக்கும். காய்ச்சல் என்று சொன்னால், நாளைக்கு ரோட்டாவில் இருக்கும் ஷிஃப்ட்டுக்கு எப்படி வருவீர்கள்? உடம்பு தேவலையா என்று உட்கார வைத்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ரோட்டாவில் இல்லாத நாளில் வராததற்குக் காரணமே தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் ஒரு பொய்யை வீணாக்காதீர்கள்.

நல்ல மறுப்பு இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். "இன்று வர இயலாது, மன்னிக்கவும். வியாழன் மாலை 5 மணிக்கு மேல் தேவைப்பட்டால் வர முடியும்." அவ்வளவுதான். முதல் வரி முடிவு. இரண்டாவது வரி நல்லெண்ணம். இரண்டாவது வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். விசா மணிதான் தடை என்றால் "இந்த வாரம் என் 20 மணி நேரம் நிறைந்துவிட்டது, திங்கள் முதல் வர முடியும்" என்று எழுதுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. காரணத்தை விரித்து எழுத வேண்டாம். காரணம் சொல்லச் சொல்ல அது பேரத்துக்கு வழி திறக்கும். "வீட்டில் பார்சல் வருகிறது" என்று எழுதினால் "பார்சல் வந்த பிறகு வருகிறாயா?" என்பார். போனில் கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. எடுத்துப் பேச்சில் மடங்கிவிடும் சுபாவம் உள்ளவர்கள், எடுக்காமல் உடனே செய்தியில் பதில் போடுங்கள்.

உங்கள் பெரிய பயம் எனக்குத் தெரியும்: மறுத்தால் அடுத்த வாரம் மணியைக் குறைத்துவிடுவார்களோ? பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில் குறைப்பார்கள். பூஜ்ய நேர ஒப்பந்தத்தில் அதைத் தட்டிக்கேட்பது இன்றைக்குக் கடினம். 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், ஷிஃப்ட்டுக்கு நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் தர வேண்டும், தொடர்ந்து வேலை பார்ப்பவருக்கு உறுதியான மணிகளைத் தர முன்வர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பகுதிகள் 2027-இல்தான் நடைமுறைக்கு வரும் என்பது அரசின் திட்டம். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் 2017-லேயே இதற்குச் சட்டம் போட்டு, பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள் 14 நாள் முன்னதாக ரோட்டா தர வேண்டும், அதற்குப் பிறகு நுழைக்கும் ஷிஃப்ட்டைத் தொழிலாளி மறுக்கலாம் என்று செய்துவிட்டது. பிரிட்டன் மெதுவாக வருகிறது.

அதுவரை உங்களைக் காப்பது என்ன? ரோட்டாவில் போட்ட ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்கு வந்து நிற்பது. சீசன் முடிந்து யாரை வைத்துக்கொள்ளலாம் என்று பேசும்போது எங்கள் மேசையில் வரும் கேள்விகள் இவை: காலி இடம் இருக்கிறதா, அந்த இடத்தின் நேரங்களுக்கு இவர் ஒத்துவருவாரா, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்தாரா, டில்லில் கணக்கு சரியாக இருந்ததா. அவசரத்துக்கு எத்தனை முறை ஓடிவந்தார் என்பது யாருக்கும் கணக்கில் நிற்பதில்லை. அவசரத்துக்கு ஓடிவந்து களைத்து, ரோட்டாவில் இருந்த ஷிஃப்ட்டுக்குத் தாமதமாக வந்தது மட்டும் பதிவேட்டில் நிற்கும். இதை நான் பல சீசன்களாகப் பார்க்கிறேன்.

உண்மையாகவே பழிவாங்கினால், நீங்கள் போட்ட செய்திகளையும் ரோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு மாணவர் சங்க ஆலோசனை மையத்துக்குப் போங்கள். வேலைத் தகராறுகளுக்கு இலவசமாக ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணிலும் பேசலாம். மதம், கர்ப்பம், பாலினம் போன்ற காரணங்கள் அதற்குப் பின்னால் இருந்தால் அது பாரபட்சம். அதற்கு எதிரான சட்டம் இப்போதே பல்லோடு இருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். எல்லா அழைப்பும் ஆங்கிலத்தில் வருவதில்லை. லண்டனில் மூலைக்கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் பலரால் நடத்தப்படுகின்றன; வந்த புதிதில் நமக்கெல்லாம் வேலை கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நன்றி பெரிது. ஆனால் "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, வேற ஆள் இல்லை" என்று ஒரு அண்ணன் கேட்கும்போது மேனேஜரிடம் வராத கூச்சம் நமக்கு வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் அன்று இது உச்சத்துக்குப் போகும். 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அன்றைக்குத் திறக்கக் கூடாது. சின்னக் கடைகள் திறக்கலாம். அதனால் கூட்டம் முழுவதும் அங்கே போகும், அழைப்பும் அங்கிருந்து வரும். லண்டனில் அன்று பஸ்ஸும் ஓடாது, டியூபும் ஓடாது. போக வர யார் ஏற்பாடு, டாக்சிக் காசு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். "அண்ணா, நீங்கள் கேட்டு மறுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வர முடியாது" என்று மரியாதையாகச் சொன்னால் எந்த நல்ல அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார். "ரோட்டாவில் போடாமல் கையில் காசாகத் தருகிறேன், விசா மணியில் வராது" என்று யாராவது சொன்னால், அது தமிழில் சொல்லப்பட்டாலும் சட்டமீறல்தான். பிடிபட்டால் திரும்பிப் போகும் விமானத்தில் அவர் ஏறமாட்டார், நீங்கள்தான் ஏறுவீர்கள்.

எல்லாவற்றையும் மறுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விடுமுறையில் இருக்கிறீர்கள், மணி மிச்சம் இருக்கிறது, தூங்கியாயிற்று, காசு வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். அன்று நீங்கள் எனக்கு ஆபத்பாந்தவர். கூட வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவருக்குப் பதிலாக நிற்க வேண்டும் என்றால் முடிந்தவரை நில்லுங்கள். அவர் உங்களுக்காக ஒருநாள் நிற்பார். நான் எச்சரிப்பது ஒன்றைத்தான்: பயத்தில் சொல்லும் 'ஆம்'. அது உங்களுக்கும் நல்லதல்ல, அரைத்தூக்கத்தில் கேஜ் தள்ளுகிறவரின் பக்கத்தில் நிற்பவருக்கும் நல்லதல்ல.

ஒரே வீட்டில் ஆறு பேர் தங்கி, அதில் நாலு பேர் ஒரே கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்களில் ஒருவர் மறுத்தால் அவரைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். "அவன் வரமாட்டான் சார், நான் வருகிறேன்" என்று மேனேஜரிடம் போட்டிக்கு நிற்காதீர்கள். அந்த வார்த்தை மேனேஜரின் காதில் ஒருமுறை விழுந்தால், அடுத்த முறை உங்களை மடக்க அவர் இன்னொருவர் பெயரைச் சொல்வார். ஒருவர் மறுப்பதை மற்றவர்கள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் வீட்டில், நாலு பேருக்குமே மறுப்பது எளிதாகிவிடும்.

இனி செய்ய வேண்டியவை. சீசன் தொடங்கும்முன், எந்தெந்த நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வர முடியும் என்பதை எழுத்தில் மேனேஜரிடம் கொடுங்கள். பரீட்சை, அசைன்மென்ட் தேதிகளைச் சேர்த்துக் கொடுங்கள். விசா எல்லையையும் விடுமுறைத் தேதிகளையும் அதே தாளில் போடுங்கள். மாறினால் மறுபடி கொடுங்கள். இது இருந்தால் பாதிச் செய்திகள் உங்களுக்கு வரவே வராது. வந்தாலும் "நான் கொடுத்த நேரத்தில் இது இல்லையே" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். வாரா வாரம் நீங்கள் பார்த்த மணிகளை, கூடுதல் ஷிஃப்ட் உட்பட, போனிலேயே குறித்து வையுங்கள்.

ஜனவரியில் கணக்கு முடிக்கும்போது அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு விடுமுறைச் சம்பளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரம் நிலையில்லாமல் வேலை பார்ப்பவர்களுக்கு, பார்த்த மணிகளில் 12.07 சதவீதம் விடுமுறையாகச் சேரும். நீங்கள் 100 மணி நேரம் பார்த்திருந்தால் 12 மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான சம்பளம் அது. ஒவ்வொரு சம்பளத்திலும் தனி வரியாகச் சேர்த்துத் தந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கடைசிச் சம்பளத்தில் வர வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் அதைக் கேட்காமலேயே போய்விடுகிறார்கள். கேட்ட நேரத்துக்கெல்லாம் ஓடிவந்தவர்கள்கூட இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள், அது உங்கள் காசு.

அன்புடன்,
ரோட்டா போடும் ஒரு அக்கா